பனி பெய்யாத ஊரில் ஒட்டுப்போர்வை எதற்கு?

1 மார்ச் 2023, காலை 9.10 (கேள்வி, கோலாலம்பூரிலிருந்து ஒரு தம்பி)

பனி கொட்டும் நாடுகளில் வெளியே போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்து துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, சரி. நமக்கோ விசிறி இல்லாமல் தூக்கம் வராது. இங்கே அதைத் தைப்பது வெள்ளைக்காரர்களைப் பார்த்துச் செய்வதுதானே? உண்மையிலேயே தைத்துப் போர்த்திக்கொள்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

1 மார்ச், பகல் 2.40

நான் தைக்கிறேன், போர்த்தியும் கொள்கிறேன். ஊர் ஜொகூரில் லாபிஸ். நேற்று பிடித்த மழை இன்னும் விடவில்லை. பிப்ரவரி போய்விட்டால் பருவமழை முடிந்தது என்றுதான் நினைப்போம். வாளி, குடம் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. இப்போது திரும்ப எல்லாவற்றையும் தாழ்வாரத்தில் வரிசையாக வைத்திருக்கிறேன். யோங் பெங் பக்கம் சாலையில் தண்ணீர் ஏறிவிட்டதாம், மருமகன் வேலைக்குப் போய்ப் பாதி வழியில் திரும்பிவிட்டார். எங்கள் தமான், அதாவது குடியிருப்பு, மேட்டில் இருப்பதால் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. வெளியே போகத்தான் முடியாது. பனி நாட்டுக்காரர்கள் படும் பாடு இதுதானே?

அதனால் தகரப் பெட்டியைத் திறந்தேன். அம்மாவின் பழைய கைலிகள், ஆயாவின் வெள்ளைச் சேலை ஒன்று, பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகள், அப்பா தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டப் போட்டுக்கொண்டு போன நீளக்கைச் சட்டை. ஐந்து அங்குலச் சதுரமாக வெட்டுகிறேன். அகலத்தில் 12, நீளத்தில் 14, மொத்தம் 168 துண்டு. 60க்கு 70 அங்குலம் வரும், ஒரு ஆள் தாராளமாகப் போர்த்தலாம்.

1 மார்ச், இரவு 9.05

மதியம் சொன்ன கணக்கு தப்பு. தையலுக்குக் கால் அங்குலம் விடுவதைக் கழிக்கவில்லை. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பக்கமும் சேர்த்து அரை அங்குலம் போய்விடும். அப்படியானால் ஒரு சதுரம் நாலரை அங்குலம்தான், போர்வை 54க்கு 63. யாராவது அதைப் பார்த்து வெட்ட ஆரம்பித்திருந்தால் நிறுத்துங்கள். 60க்கு 70 வேண்டுமென்றால் அகலத்தில் 14, நீளத்தில் 16 வெட்டினால் 63க்கு 72 வரும்.

மின்சாரம் இல்லை. என்னுடையது கால் மிதி சிங்கர், அதற்குக் கவலை இல்லை. ஆனால் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஊசி நுனி தெரியவில்லை. பெரியம்மா வந்துவிட்டார். அவர் இருக்கும் தமான் பள்ளம், சாயங்காலமே தண்ணீர் வாசற்படிக்கு வந்துவிட்டதாம். துயர்துடைப்பு மையத்துக்குப் போகச் சொன்னார்கள், "என் தங்கச்சி மக வீடு இருக்கு" என்று இங்கே வந்துவிட்டார். வயது 81. கையில் ஒரு பை, அதில் மருந்தும் அடையாளக் கார்டும் ஒரு வெற்றிலைப் பெட்டியும்.

2 மார்ச், காலை 10.30

தம்பி, உங்கள் கேள்வியை ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். பனி இருக்கும் இடத்தில்தான் ஒட்டுப்போர்வை பிறக்கும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்துக் காட்டுப் பக்கம் சித்தி மக்கள் இருக்கிறார்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினர். அவர்கள் தைப்பது கவந்தி. பழைய சேலையை அடியில் விரித்து, ஓரத்திலிருந்து துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். தையல் எல்லாம் கையால் ஓட்டுத்தையல். நாலு மூலையிலும் மடித்த துணியால் சின்ன இதழ் வைப்பார்கள், அதற்குப் பெயரே பூ. அது இல்லாவிட்டால் போர்வை முழுமையாகாது அவர்களுக்கு. அந்த மாவட்டத்தில் பனி ஏது? மேற்குத் தொடர்ச்சி மலை, மாதக்கணக்கில் மழைதான்.

வங்காளத்துக் காந்தாவும் அப்படியே. நைந்த சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடுவது. அந்தப் பெயரைக் கொஞ்சம் சொல்லிப் பாருங்கள். சமஸ்கிருதத்தில் கந்தா என்றால் ஒட்டுப்போட்ட துணி. நம் வாயில் அது கந்தை. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று சின்ன வயதிலிருந்து சொல்கிறோமே, அந்தக் கந்தைதான். வார்த்தை நம் வீட்டிலேயே இருக்கிறது. பொருளைத்தான் பனி நாட்டுக்குக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கிறோம்.

2 மார்ச், மாலை 5.50

மழை நிற்கவில்லை. பெரியம்மா நான் தைப்பதைப் பார்த்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். எனக்கு இத்தனை வருஷம் தெரியாதது.

ரப்பர்த் தோட்டத்தில் மழை பெய்தால் வெட்டு கிடையாது. பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டுக்கோட்டில் இறங்காமல் மரம் முழுக்க வழிந்துவிடும், பால் பிடிக்கும் மங்கில் ஒன்றும் சேராது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மழை வலுத்தால் திரும்பி வந்துவிடுவார்கள். அன்றைக்குச் சம்பளம் போச்சு. எனக்கு நினைவிருப்பது அந்தச் சோகம் மட்டும்தான், அப்பா திண்ணையில் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெரியம்மா சொன்னது வேறு. அந்த மாதிரி நாளில்தான் லயத்துப் பொம்பளைகள் வீட்டு முன்வாசல் அஞ்சடியில் வரிசையாக உட்கார்ந்து ஊசி எடுப்பார்களாம். கிழிந்த கைலி இரண்டைச் சேர்த்து ஏணைத் துணி. தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் ஆயாக்கொட்டகையில் அவர்களைப் படுக்கப்போட நாலைந்து பழந்துணியை அடுக்கி ஒரு விரிப்பு. "மழை பேஞ்சாதான் எங்களுக்குத் துணி தைக்க நேரம்" என்றார்.

காலையில் நான் கர்நாடகம், வங்காளம் என்று எங்கெங்கோ போனேன். நான் பிறந்த லயத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

3 மார்ச், காலை 11.15

பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து ஒரு தங்கை கேட்டதற்கு: வேண்டாம், நடுவில் பஞ்சு வைக்காதீர்கள். கடையில் பஞ்சுத் தகடு விற்கிறார்கள், நானும் முதல் போர்வைக்கு வாங்கினேன். நம் காற்றில் ஈரம் பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்கு மேல். பஞ்சு அதை இழுத்து வைத்துக்கொள்ளும். ஒரு வருஷத்தில் உள்ளே பூஞ்சணம் பிடித்து முடை நாற்றம் வந்துவிட்டது. பருத்திப் பஞ்சு முதல் தடவை துவைக்கும்போது நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கவும் செய்யும். பஞ்சுக்குப் பதிலாக நைந்த கைலி ஒன்றை நடுவில் வையுங்கள், போதும். விசிறிக்கு அடியில் போர்த்த அந்தக் கனம்தான் சரி.

இன்னொன்று. துணி எல்லாம் ஒரே இனமாக இருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கடையில் சுத்தப் பருத்தி என்று சொல்லிக் கொடுத்த துணி, இஸ்திரிப் பெட்டி பட்டதும் சுருங்கி ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து நான் எதை வெட்டுவதற்கு முன்னாலும் நாலு நூலை உருவித் தீயில் காட்டுகிறேன். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து சாம்பலாகும், ஊதினால் பறந்துவிடும். பாலியெஸ்டர் உருகி, ஆறினதும் கறுப்பு மணி மாதிரி கெட்டியாகி நிற்கும். அம்மாவின் நைலான் சேலைகள் அழகான பூப்போட்டவை, ஆனாலும் பருத்தியோடு சேர்க்கவில்லை. அதை வைத்துத் தனியாக ஏதாவது செய்யவேண்டும்.

4 மார்ச், இரவு 8.20

இன்று மழை கொஞ்சம் தணிந்தது, மின்சாரம் வந்துவிட்டது. தொலைக்காட்சியில் சிகாமட், பத்து பகாட் எல்லாம் கடல் மாதிரி தெரிகிறது. ஜொகூரில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மையங்களில் இருக்கும்போது நான் போர்வை பற்றி எழுதுவது சரியா என்று நேற்று யாரோ கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பெரியம்மா வீட்டில் இடுப்பளவு தண்ணீர். நாங்கள் இரண்டு பேரும் நாள் முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தால் அவர் படுத்துவிடுவார். தையல்தான் அவரை உட்கார வைத்திருக்கிறது.

டொராண்டோவில் இருக்கும் என் அண்ணன் மகள் படம் அனுப்பியிருக்கிறாள். அங்கே வெள்ளிக்கிழமை ராத்திரி பனிப்புயல், இடி இடித்துக்கொண்டே பனி கொட்டியதாம். பனியில் இடி இடிக்கும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. கதவைத் திறக்க முடியாமல் அவளும் தையலில்தான் இருக்கிறாள். அவள் தைப்பது லாக் கேபின் என்ற மாதிரி: நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றி நீளப் பட்டைகள், பாதிப் பக்கம் வெளிர் நிறம், மறுபாதி அடர் நிறம். நடுச் சதுரத்தைச் சிவப்பில் வைப்பது அங்கே வழக்கம், அது வீட்டு அடுப்புத் தீயாம். பெரியம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நல்லா பொட்டு வெச்ச மாதிரி இருக்கு" என்றார். அவளிடம் சொன்னேன், சிரித்துச் சிரித்து ஊசியைத் தொலைத்துவிட்டாளாம்.

4 மார்ச், இரவு 10.45

168இல் 131 துண்டு வெட்டியாயிற்று. நாளைக்கு அப்பா சட்டை. பால் கறை படிந்து மார்பு முழுக்கப் பழுப்பாகி, அட்டை மாதிரி விறைத்திருக்கிறது. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். புதுக் கறை என்றால் இளகும், இது நாற்பது வருஷக் கறை, அசையவில்லை. கறையோடுதான் தைக்கப்போகிறேன்.

அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரை எழுத மறந்துவிட்டேன். பருத்திக் காட்டில் அடிமைகளாக வேலை செய்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள். அங்கே பனி எப்போதாவது ஒரு தடவைதான். வேலைக்குப் போட்டுத் தேய்ந்த துணியை வைத்தே தைத்தார்கள். 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் அந்தப் போர்வைகளை ஓவியம் மாதிரி சுவரில் மாட்டினார்கள், 2006இல் அமெரிக்கத் தபால் தலையிலும் வந்தன. அவர்களில் மிசூரி பெட்வே என்ற அம்மா, 1942இல் கணவர் இறந்த பிறகு அவருடைய வேலைத் துணிகளையே வெட்டிப் போர்வையாக்கினார். முழங்கால் தேய்ந்த தடமும் பாக்கெட் இருந்த இடமும் அதில் அப்படியே தெரியும். அதைப் படத்தில் பார்த்த நாளிலிருந்து அப்பா சட்டை என் கண்ணில் நிற்கிறது.

5 மார்ச், காலை 7.30

அது அப்பா சட்டை இல்லை.

கத்திரியை எடுத்துத் தோளில் வைத்தேன். பெரியம்மா எட்டிக் கையைப் பிடித்துக்கொண்டார். "இது ஒங்கப்பன் சட்டை இல்லடி. இந்தத் தோளப் பாரு."

இடது தோளில் ஒட்டு. வெளியே பார்த்தால் ஒரு துண்டு மாதிரி தெரியும், உள்ளே திருப்பினால் அடுக்கடுக்காக மூன்று. அதன்மேல் நெல் அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டுத்தையல், வரிசை வரிசையாக. காண்டாக் கம்பு உட்காரும் இடம். இரண்டு பக்கமும் பால் வாளி தொங்கும்போது கம்பு தோளை அறுக்கும், அதற்காக வைத்துத் தைத்த மெத்தை. அப்பா வலது தோளில்தான் தூக்குவாராம். அம்மா ஒரு தடவை சறுக்கி விழுந்து வலது தோள் விலகியதிலிருந்து இடது பக்கம். கொசுவுக்குப் பயந்து பொம்பளைகள் கைலிக்கு மேல் ஆம்பளைச் சட்டைதான் போடுவார்கள், இடுப்பில் கொசுவர்த்தி கட்டிக்கொள்வார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆண் சட்டையைப் பார்த்ததும் அப்பா என்று முடிவு கட்டிவிட்டேன்.

மூன்று அடுக்கு துணி, அதை இணைத்து ஓட்டுத்தையல். தம்பி, நீங்கள் வெள்ளைக்காரர்களுடையது என்றீர்களே, அது இதுதான். அம்மா அதைத் தோளில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

5 மார்ச், இரவு 9.40

வெட்டாதீர்கள், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுங்கள் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். யோசிக்கிறேன். இன்றைக்குக் கத்திரியைத் தொடவில்லை.

11 மார்ச், மாலை 4.00

பெரியம்மா வீட்டில் தண்ணீர் வடிந்துவிட்டது. மூன்று நாளாகச் சேறு வாருகிறோம். மெத்தை, அலமாரி, அரிசி எல்லாம் போய்விட்டன. கல்யாணச் சேலையை மட்டும் பரண்மேல் வைத்திருந்தார், அது தப்பித்தது. பத்து பகாட் பக்கம் இன்னும் தண்ணீர் நிற்கிறதாம்.

சட்டை விஷயத்தில் முடிவுக்கு வந்துவிட்டேன். சட்டம் போட்டு மாட்டப் போவதில்லை. மாட்டினால் நான் இருக்கும்வரை சுவரில் இருக்கும், அப்புறம் பிள்ளைகளுக்கு அது யாரோ ஒருவருடைய அழுக்குச் சட்டை. அம்மா எதையும் மாட்டி வைத்தவர் இல்லை, துணி நைந்தால் அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்வார். அதனால் வெட்டுகிறேன், ஆனால் தோளைச் சதுரமாக நறுக்க மாட்டேன். ஒட்டு முழுவதும் அப்படியே, கழுத்துப் பட்டியில் பாதியோடு, போர்வையின் நடுவில் வரும். மற்றச் சதுரங்கள் அதற்கு வழிவிட்டு வளைந்து போகட்டும். கணக்கு எல்லாம் திரும்பப் போடவேண்டும், பரவாயில்லை.

கறை பிடித்த இடத்தில் 14ஆம் எண் ஊசி இரண்டு உடைந்தது. 16 போட்டேன், மெதுவாக மிதித்தால் போகிறது. தோளை மட்டும் மெஷினில் கொடுக்கவில்லை, கையால்தான்.

19 மார்ச், காலை 10.00

மேலே தம்பியை நான் கொஞ்சம் வேகமாகப் பேசிவிட்டேன் என்று மகள் சொல்கிறாள். தம்பி கேட்காவிட்டால் நான் பெட்டியைத் திறந்ததையே எழுதியிருக்க மாட்டேன், பெரியம்மாவிடமும் கேட்டிருக்க மாட்டேன். கோபம் இல்லை தம்பி.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக் என்போம், நேற்று ஒரு பை நிறையப் பாத்தேக் துண்டுகள் கொண்டுவந்தார். ஹரி ராயாவுக்குத் துணி தைத்து மிஞ்சியவை. அவர்கள் இந்த மாதிரி ஒட்டை தம்பால் செரிபு என்பார்கள், ஆயிரம் ஒட்டு என்று அர்த்தம். எங்கள் பிள்ளைகளைப் போல அவர் பிள்ளையும் வெள்ளத்தில் கார் இழந்தவர். பேசிக்கொண்டே மூன்று பேரும் அடித்துணியை விரித்து ஊசி போட்டோம். பெரியம்மாவுக்குக் கண் மங்கல், ஆனால் தடவிப் பார்த்தே தையலை நேராகக் கொண்டுபோகிறார். நூல் கோர்த்துக் கொடுப்பது மட்டும் என் வேலை. அவர் தையல் ஒரு அங்குலத்துக்கு ஏழு வருகிறது, என்னுடையது ஐந்து.

மூலைகளில் சித்திப் பெண்கள் வைக்கும் பூ வைக்கலாமா என்று கேட்டேன். படத்தைக் காட்டினேன். "வை, மூலைக்கு ஒண்ணு இருந்தா புடிச்சி மடிக்க வசதி" என்றார். அம்மாவின் மஞ்சள் கைலியில் நாலு பூ மடித்து வைத்தாயிற்று.

2 ஏப்ரல், பகல் 1.15

ஓரப்பட்டி தைத்து முடித்தேன். துவைத்து வெயிலில் போட்டு எடுத்தாயிற்று. 58க்கு 65 வந்திருக்கிறது, தோளுக்கு இடம் விட்டதில் அளவு மாறிவிட்டது. அளவுக் காகிதம் கேட்டவர்களுக்கு: இதற்கு அளவு கொடுக்க முடியாது, 1 மார்ச் இரவில் திருத்திய கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள், நடுவில் என்ன வைக்கப்போகிறீர்களோ அதைப் பொறுத்து மாற்றுங்கள்.

போர்வை பெரியம்மாவோடு அவர் வீட்டுக்குப் போய்விட்டது. நேற்று சாப்பாடு கொடுக்கப் போனேன். புது மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்தார், விசிறி முழு வேகத்தில். போர்வையை நாலாக மடித்துத் தலைக்கு வைத்திருந்தார், அம்மாவின் தோள் மேல்பக்கம் வரும்படி. கன்னம் அதன்மேல் இருந்தது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.